குழி விழுந்த கிண்ணம்: லூசி ரீயும் நாட்ஸ்லர் தம்பதியும் கிளேஸில் செய்த வேலை

"லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் லூசி ரீ என்பவர் வனைந்த கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன். மேற்பரப்பு முழுக்கக் குழி குழியாக இருந்தது. எங்கள் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சாமான் சூளையிலிருந்து இப்படி வெளியே வந்தால் உடைத்துப் போட்டுவிடுவார்கள். இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை? தெரிந்து செய்ததா, தானாக வந்ததா? இந்த மாதிரிக் கிண்ணத்தில் சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் உடைத்துப் போடுவது நியாயம்தான். ரீ தெரிந்தேதான் செய்தார். அந்தக் கிண்ணத்தில் சாப்பிட வேண்டாம். இனி விரிவான பதில். இது கொஞ்சம் நீளும், ஏனென்றால் கிளேஸ் என்பது என்ன என்று புரியாமல் அந்தக் குழி புரியாது.

கிளேஸைப் பலர் வர்ணம் என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடி. மண்பாண்டத்தின் மேல் பொடியாகப் பூசி, சூளையிலேயே உருக்கி, அங்கேயே உறைய வைத்த மெல்லிய கண்ணாடி. கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா, அதாவது மணல். ஆனால் சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். நம் களிமண் அதற்குள் இளகி உட்கார்ந்துவிடும். அதனால் சிலிக்காவைக் குறைந்த சூட்டில் இளக வைக்கச் சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ், துத்தநாகம், போரான் என்று ஏதாவது சேர்க்க வேண்டும். முற்காலத்தில் ஈயம் சேர்த்தார்கள். இளகியது பாத்திரத்தை விட்டு வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த அலுமினா வேண்டும். அது களிமண்ணிலேயே இருக்கிறது. சிலிக்கா, இளக்கி, அலுமினா ஆகிய இந்த மூன்றின் விகிதம்தான் கிளேஸின் குணம். நிறம் தருவது இரும்பு, செம்பு, கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. அதுவும் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகைக் கணக்கில்தான்.

இப்போது குழிக்கு வருவோம். சூளையில் சூடு ஏறும்போது மண்ணும் கிளேஸும் சும்மா இருப்பதில்லை. மண்ணுக்குள் கட்டுண்டிருக்கும் நீர் ஆவியாகிறது, மக்கிய பொருள்கள் எரிகின்றன, சுண்ணாம்பு கார்பனேட்டாக இருந்தால் கரியமில வாயுவை விடுகிறது. இந்த வாயுவில் பெரும் பகுதி கிளேஸ் உருகுவதற்கு முன்பே போய்விடும். மிச்சம் இருப்பது உருகிய கிளேஸுக்குள் குமிழியாக மேலே வந்து வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ஒரு பள்ளம். கிளேஸ் நீர்த்து இருந்தால், உச்சச் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைத்தால், அந்தப் பள்ளம் தானாக மூடிக்கொள்ளும். தொழிற்சாலைக்காரர் சூளையை உச்சியில் நிறுத்தி வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிளேஸ் கெட்டியாக இருந்தாலோ, சூளையின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிட்டாலோ பள்ளம் அப்படியே உறைந்துவிடும். கல்தோசையில் மாவு மூடுவதற்குள் வெந்துவிடுவதால் கண் கண்ணாக நிற்கிறதே, அதே சங்கதிதான்.

ஆகவே குழி வேண்டும் என்று விரும்புகிறவர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கிளேஸ் உருகிய பிறகும் வாயு வந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வந்த வாயு விட்டுச் சென்ற பள்ளம் மூடாதபடி கிளேஸைக் கெட்டியாக வைக்க வேண்டும். முதல் வேலைக்கு ரீ பயன்படுத்தியது சிலிகான் கார்பைடு. சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் இருக்கும் கருப்புத் துகள் அதுதான். அதைப் பொடியாக்கிச் சேர்த்தால், உருகிய கண்ணாடிக்குள் இருக்கும் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு சிலிகான் சிலிக்காவாகிறது, கார்பன் வாயுவாகிறது. மற்ற வாயுவெல்லாம் அடங்கிய பிறகும் இது உள்ளிருந்து நுரைத்துக்கொண்டே இருக்கும். துகள் பருமனாக இருந்தால் பெரிய குழி, மாவாக அரைத்திருந்தால் ஊசித்துளை. கிளேஸில் நேரடியாகக் கலக்கலாம். அடியில் பூசும் களிமண் குழம்பில் கலந்து, அதன் மேல் கிளேஸைப் பூசினால் வாயு கீழிருந்து கிளம்பி முழுக் கனத்தையும் கிழித்துக்கொண்டு மேலே வரும். அப்போது பள்ளத்தின் அடியில் வேறு நிறம் தெரியும். ரீயின் நல்ல கிண்ணங்களில் அந்த ஆழம் கிடைப்பதற்கு இந்த அடுக்குப் பூச்சுதான் காரணம்.

பூதக்கண்ணாடி வைத்து அப்படி ஒரு பரப்பைப் பார்த்தால் தெரியும் விஷயங்கள் சுவையானவை. குமிழி வெடித்த விளிம்பில் கிளேஸ் இழுபட்டு மெல்லியதாகி, அங்கே அடியில் இருக்கும் மண்ணின் பழுப்பு மேலே தெரியும். பள்ளத்தின் அடியில் கிளேஸ் தேங்கி, அங்கே நிறம் அடர்த்தியாக இருக்கும். ஒரே கிளேஸ், ஒரே நிறம், ஆனால் கனம் மாறுவதால் மட்டும் மூன்று நான்கு சாயல் காட்டும். தூரிகையால் தீட்டி இதைக் கொண்டுவரவே முடியாது. தொழிற்சாலை வேண்டாம் என்று தள்ளியதை இவர்கள் வேண்டும் என்று பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

இவர்கள் என்று பன்மையில் சொல்லக் காரணம் இருக்கிறது. குழி கிளேஸைக் கலையாக்கியவர்களில் முக்கியமான மூவரும் ஒரே ஊர்க்காரர்கள். லூசி ரீ 1902-இல் வியன்னாவில் பிறந்தவர், மருத்துவர் வீட்டுப் பெண். அங்கே கலைத்தொழில் பள்ளியில் மிகாயேல் பொவோல்னியிடம் பயின்றார். கெர்ட்ரூட், ஓட்டோ நாட்ஸ்லர் இருவரும் 1908-இல் அதே நகரில் பிறந்தவர்கள். ஓட்டோ துணி வடிவமைப்பாளர். வேலை போன பிறகு மண்ணுக்கு வந்தவர். பெரும்பாலும் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். 1937 பாரிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் ரீக்கும் வெள்ளிப் பதக்கம், நாட்ஸ்லர்களுக்கும் வெள்ளிப் பதக்கம். மறு ஆண்டே ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. மூவரும் யூதக் குடும்பத்தவர். ரீ லண்டனுக்கும் நாட்ஸ்லர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் 1938-இல் போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டனில் ரீயை வரவேற்றவர்கள் அதிகம் இல்லை. அன்று பிரிட்டிஷ் கைவினை மண்பாண்டம் என்றால் பெர்னார்ட் லீச் வைத்ததுதான் சட்டம். அவர் ஜப்பானில் தொழில் கற்று, ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியுடன் 1920-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில், அறை அறையாகச் சரிவில் ஏறும் ஜப்பானிய முறைச் சூளை கட்டியவர். கனமான உருவம், நெருப்பு, புகை, சாம்பல், சீனம், ஜப்பான் என்பது அவர் வழி. அவருக்கு ரீயின் பாத்திரங்கள் மிக மெலிதாகத் தெரிந்தன. பின்னாளில் இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள் என்பது வேறு விஷயம். தொடக்கத்தில் ரீ தன் கையை லீச்சின் வழிக்கு வளைத்துப் பார்த்தார், அந்தக் காலத்துச் சாமான்கள் சோபிக்கவில்லை என்பது என் எண்ணம்.

லீச் வழிக் கிளேஸ்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அருங்காட்சியகத்தில் பார்த்த மற்றப் பானைகளில் பாதி அந்த வகையாக இருந்திருக்கும். அவற்றின் நாயகன் இரும்பு. சாதாரணக் கிளேஸில் ஒன்று, இரண்டு சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்த்து, சூளையில் காற்று வரும் வழியைக் குறைத்தால் நீலம் கலந்த பச்சை வரும், அதுதான் செலடான். எட்டு, பத்து சதவீதம் சேர்த்தால் கன்னங்கரிய டென்மோகு, விளிம்பில் மட்டும் துரு நிறம். அதற்கு மேல் போனால் பரப்பு முழுவதும் காவிச் சிவப்பு. காற்று குறைந்த தீ ஆக்சிஜனுக்கு ஏங்கி, கிளேஸில் உள்ள ஆக்சைடிலிருந்தே அதை உருவிக்கொள்கிறது. அதனால் இரும்பின் நிலை மாறி நிறமும் மாறுகிறது. செம்பும் அப்படித்தான்: காற்று தாராளமாக இருந்தால் பச்சை, காற்று குறைந்தால் சிவப்பு.

ரீயிடம் இருந்தது மின்சூளை. ஆல்பியன் மியூஸ் என்ற சந்தில், பழைய குதிரை லாயத்தைத் திருத்திய வீட்டில், கீழே பட்டறை, மேலே குடித்தனம். நகரின் நடுவில் விறகுச் சூளை எரிக்க முடியாது. மின்சூளையில் புகையும் கிடையாது, காற்றைக் குறைக்கும் வசதியும் கிடையாது. அப்படிக் குறைத்தால் சூடேற்றும் கம்பிகள் சீக்கிரம் கெட்டுவிடும். ஆக, லீச்சின் செலடானும் சிவப்பும் அவருக்கு எட்டாத பண்டம். மற்றவர்கள் மின்சூளையை ஏழையின் சூளை என்று பார்த்த காலத்தில், அவர் மின்சூளையால் மட்டும் என்ன முடியும் என்று தேடினார். இதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது என்பேன். குழி கிளேஸ், மாங்கனீஸ் பொன், இளஞ்சிவப்பு எல்லாமே அந்தத் தேடலில் வந்தவை. சிலிகான் கார்பைடு இன்னொரு உபகாரமும் செய்கிறது: மிக நுண்ணியதாக, மிகக் குறைவாகச் சேர்த்தால் அது கிளேஸுக்குள்ளேயே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால், மின்சூளையிலும் செம்புச் சிவப்பு கொண்டுவரலாம்.

போர்க்காலத்தில் பானைக்கு அனுமதியும் இல்லை, வாங்குவாரும் இல்லை. பிழைப்புக்கு அவர் செய்தது பொத்தான். உயர்ரகத் தையற்கூடங்கள் துணித் துண்டைக் கொடுத்து, இந்த நிறத்துக்குப் பொத்தான் வேண்டும் என்று கேட்கும். அந்தச் சாயலுக்கு அவர் கிளேஸ் கலந்து கொடுக்க வேண்டும். பின்னாளில் அவருக்கு இருந்த நிறக் கட்டுப்பாடு பாதிக்குப் பாதி இந்தப் பொத்தான் வேலையில் பழகியது என்றே நினைக்கிறேன். 1946-இல் பொத்தான் அச்சழுத்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் ஹான்ஸ் கோப்பர், ஜெர்மனியிலிருந்து வந்த இன்னொரு அகதி. மண்ணில் கை வைத்திராதவர். பன்னிரண்டு ஆண்டு அதே பட்டறையில் இருந்து, ரீக்கு ஈடாகப் பேசப்படும் கலைஞராக வெளியே போனார். 1962-இல் திறக்கப்பட்ட கவென்ட்ரி பேராலயத்துக்குப் பெரிய மெழுகுவர்த்தித் தாங்கிகள் செய்தவர் அவரே. கோப்பர் கிளேஸைப் பெரிதாக நம்பவில்லை. வெள்ளைக் குழம்பும் மாங்கனீஸ் கருப்பும் மாற்றி மாற்றிப் பூசி, சுரண்டி, தேய்த்து, கல்லின் பரப்புபோல ஆக்குவது அவர் வழி.

ரீ பூசும் முறை வழக்கத்துக்கு மாறானது. மற்றவர்கள் வனைந்து காய்ந்ததை முதலில் ஏறத்தாழ 1000 டிகிரியில் ஒருமுறை சுட்டு, பின்பு கிளேஸில் முக்கி எடுத்து இரண்டாம் முறை சுடுவார்கள். முதல் சூட்டுக்குப் பிறகு பாத்திரம் உறுதியாகவும், நீரை உறிஞ்சும் தன்மையோடும் இருக்கும். முக்கினால் ஒரே சீராகப் படியும். ரீ அந்த முதல் சூட்டை விட்டுவிட்டார். காய்ந்த பச்சைப் பானையின் மேலேயே, சக்கரத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டு, தூரிகையால் கெட்டிக் கிளேஸைப் பூசினார். பிறகு ஒரே சூடு, 1250 டிகிரியை ஒட்டி. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவருக்குத்தான் அதன் ஆபத்து தெரியும். சுடாத பானையின் மேல் ஈரம் பட்டால் அது ஊறி உப்பும், மெல்லிய விளிம்பு தொய்ந்து விழும், மண் சுருங்கும் அளவுக்குக் கிளேஸும் சுருங்காவிட்டால் வறண்ட வயல்போல் வெடித்து உரிந்துவிடும். அதனால் இந்த வகைக் கிளேஸில் களிமண் பங்கு கூடுதலாக இருக்கும், ஒட்டுவதற்குப் பசையும் சேர்ப்பார்கள்.

லாபம் என்ன? மண்ணும் கிளேஸும் சேர்ந்தே முற்றுவதால் இரண்டும் ஒன்றோடொன்று ஊடுருவிவிடும். மண்ணிலிருந்து வரும் வாயு முழுவதும் கிளேஸ் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. குழிக்குத் தோதான ஏற்பாடு. மண்ணில் கலந்த ஆக்சைடு கிளேஸுக்குள் கசிந்து மேலே வரும். அவர் இரண்டு நிற மண்ணைச் சேர்த்து வனைந்த உயரமான குப்பிகளைப் பாருங்கள்: வெளிர் கிளேஸுக்கு அடியிலிருந்து பழுப்பும் பச்சையும் திருகு சுழலாக ஏறிக்கொண்டிருக்கும். அது தீட்டியதில்லை, சக்கரம் சுற்றிய சுற்று அப்படியே கசிந்து வெளியே தெரிகிறது. தூரிகைப் பூச்சு சீராக இராது என்பதும் அவருக்கு அனுகூலம்தான். கனமான இடத்தில் குழி ஆழமாகவும், மெல்லிய இடத்தில் சன்னமாகவும் விழும்.

மாங்கனீஸ் கதை தனி. சூடேற ஏற மாங்கனீஸ் டை ஆக்சைடு ஆக்சிஜனைக் கட்டம் கட்டமாக விட்டுக்கொண்டே வரும். 1080 டிகிரியை ஒட்டி ஒரு பெரிய வெளியேற்றம் உண்டு. அதன் பிறகு அது வலிமையான இளக்கியாகவும் மாறிவிடுகிறது. செம்பு ஆக்சைடையும் சேர்த்து விளிம்பில் தடித்துப் பூசினால், உருகி வெண்கலப் பொன்னாகி, கீழே உள்ள வெள்ளை அல்லது பச்சையின் மேல் சொட்டிச் சொட்டி இறங்கும். ரீயின் மெல்லிய கால் கிண்ணங்களின் விளிம்பில் பார்க்கும் பொன் ஒழுக்கு அதுதான். அதில் ஒரு குன்றிமணி தங்கம்கூடக் கிடையாது. வெயிலில் வைத்துப் பார்த்தால் உலோகத் தகட்டைப்போல் மின்னும், நிழலில் வைத்தால் பழைய வெண்கலச் செம்பின் நிறத்துக்கு அடங்கிவிடும்.

கருப்பாக மாங்கனீஸ் குழம்பைப் பூசி, அது காயும் முன் எஃகு ஊசியால் மெல்லிய கோடுகள் கீறுவது அவருடைய இன்னொரு அடையாளம். இதன் தொடக்கம் சுவையானது. இங்கிலாந்தில் ஏவ்பரி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வெண்கலக் காலப் பானைகளையும், அவற்றில் கோடு கீறப் பயன்பட்ட பறவை எலும்புகளையும் பார்த்த பிறகு அவருக்குத் தோன்றியது என்பார்கள். ஒவ்வொரு கோடும் அளவுகோல் வைக்காமல் கைப்போக்கில் கீறியது. அடிவளையத்திலிருந்து விளிம்புவரை நூற்றுக்கணக்கில். கிண்ணம் வளைவதற்கு ஏற்பக் கோடுகளும் விரிந்துகொண்டே போகும்.

இனி லாஸ் ஏஞ்சலிஸ். நாட்ஸ்லர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். கெர்ட்ரூட் வனைவார், ஓட்டோ கிளேஸ் பூசிச் சுடுவார். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. கெர்ட்ரூட்டின் சுவர்கள் வெகு மெலிது, உருவம் வெகு எளிது: கிண்ணம், குப்பி, உருண்டை, அவ்வளவே. அந்த அடக்கம் இல்லாவிட்டால் ஓட்டோவின் கிளேஸ் தாங்காது. கரடான பரப்பை ஆர்ப்பாட்டமான உருவத்தின் மேல் பூசினால் இரண்டும் சண்டை போடும். ஓட்டோ ஆயிரக்கணக்கான கிளேஸ்களைச் சோதித்துக் குறித்து வைத்தவர். குமிழி, குழி, வெடிப்பு என்று பாடநூல்கள் குறைகளாகப் பட்டியலிட்டவற்றைத்தான் வியன்னா நாட்களிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து, எதனால் வருகிறது என்று கண்டு, வேண்டும்போது வரவழைக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய குழி கிளேஸ் ரீயினுடையதைவிட முரடு. சில கிண்ணங்களின் பரப்பில் சுண்டுவிரல் நுனி நுழையும் பள்ளங்கள் உண்டு. மின்சூளைக்குள் எரியும் பொருள்களை இட்டுப் புகையும் சுடரும் பட்ட கறைகளை உண்டாக்கியதும் அவர் கைவண்ணம். கெர்ட்ரூட் 1971-இல் காலமானார். ஓட்டோ 2007 வரை வாழ்ந்தார்.

தெரிந்து செய்ததா, தானாக வந்ததா என்று கேட்டீர்களே, அதற்கு இப்போது இன்னும் சரியாகப் பதில் சொல்லலாம். முதல் முறை தானாக வந்திருக்கும், எல்லோருக்கும் வருவதுதான். வந்ததைத் தூக்கி எறியாமல், மறுபடி வரவைக்க முடியுமா என்று சின்னச் சின்ன மண் ஓடுகளில் பூசிச் சுட்டுச் சோதித்தார்கள் பாருங்கள், அங்கேதான் கலை தொடங்குகிறது. ஒரே கிளேஸில் சிலிகான் கார்பைடை அரை சதவீதம், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி வரிசையாகச் சுட்டுப் பார்த்தால் ஊசித்துளையிலிருந்து எரிமலைப் பரப்புவரை படிப்படியாக மாறுவதைக் காணலாம். அதே ஓடுகளை இருபது டிகிரி கூடுதலாகச் சுட்டால் பாதி ஓடுகளில் குழி மூடிப்போயிருக்கும். இன்னும் கனமாகப் பூசினால் வேறு கதை. ரீயின் கிளேஸ் குறிப்பேடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பல குறிப்புகள் வெளியாகியும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எடை பிசகாமல் கலந்தாலும் ரீயின் கிண்ணம் வருவதில்லை. மண் வேறு, கிளேஸில் சேரும் பெல்ஸ்பார் என்ற கனிமம் வேறு சுரங்கத்தது, தூரிகையின் கை வேறு, சூளை இறங்கும் வேகம் வேறு.

உங்கள் கையில் வரும் ஒரு சாமானில் குழி வேண்டுமென்றே வந்ததா என்று கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. உதடு படும் விளிம்பைத் தடவுங்கள். தெரிந்து செய்தவர் அங்கே கூர்முனைகளைத் தேய்த்து மழுக்கியிருப்பார் அல்லது அந்த இடத்துக்கு வேறு கிளேஸ் பூசியிருப்பார். குழிகள் உருவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்: வயிற்றில் அடர்ந்து, கழுத்தில் குறைந்து, ஓர் ஒழுங்கு இருக்கும். தற்செயலாக வந்தது ஒரு பக்கம் மட்டும் கொத்தாக, மண்ணில் கீறலோ தூசியோ இருந்த இடத்தில் இருக்கும். கவிழ்த்து அடிவளையத்தையும் பாருங்கள். மேலே எத்தனை கரடாக இருந்தாலும் நல்ல குயவர் அடிவளையத்தைச் சுத்தமாகச் சீவியிருப்பார். ரீயின் முத்திரை சதுரத்துக்குள் எல், ஆர் என்ற இரண்டு எழுத்து. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டோன் சிறையில் மண்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் லீச்சின் முத்திரையோடு போலிப் பானைகள் செய்து, அவை ஏலம்வரை போன கதை இந்தத் துறையில் பிரசித்தம். முத்திரை குத்த ஒரு நிமிடம் போதும், கனத்தையும் அடியையும் போலி செய்வது கடினம்.

சாப்பிடுவது பற்றி. ரீ தன் பட்டறையில் விற்பனைக்காகக் காபிக் குவளை, சாலட் கிண்ணம் எல்லாம் செய்தார். அவற்றில் வெளிப்புறம் மாங்கனீஸ் பழுப்பு, உள்ளே வழவழப்பான வெள்ளை. எந்தப் பரப்பில் உணவு படலாம் என்ற தெளிவு அந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. குழி கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாததற்கு முதல் காரணம் எளியது: குழிக்குள் புகுந்த எண்ணெயும் சாதமும் கழுவினாலும் போகாது, அங்கே கிருமி வளரும். இரண்டாவது, கெட்டியாக நிற்க வேண்டும் என்று கலந்த கிளேஸ் முழுமையாகக் கண்ணாடியாகியிருக்காது. அதிலுள்ள உலோகம் புளியிலும் எலுமிச்சையிலும் கரைந்து வரலாம். மாங்கனீஸ், செம்பு மிகுந்த பொன் விளிம்பில் புளிக்குழம்பு பட வேண்டாம். அந்தக் காலத்து மஞ்சள் கிளேஸ் சிலவற்றில் யுரேனியம் ஆக்சைடு உண்டு, ரீயும் பயன்படுத்தியிருக்கிறார். அலமாரியில் வைத்துப் பார்க்கப் பயமில்லை, சோறு போட்டுத் தின்னவும் வேண்டாம்.

உங்களிடம் அந்தக் காலத்துக் கைவினைக் கிண்ணம் ஏதேனும் இருந்து, உள்புறம் வழவழப்பாகவே இருந்தாலும், குறைந்த சூட்டில் சுட்ட பளபளப்பான பிரகாச நிறச் சாமான் என்றால் ஈயத்தைச் சந்தேகியுங்கள். உள்ளே வினிகர் ஊற்றி ஒரு இரவு வைத்து, காலையில் நிறம் மங்கியிருந்தால் அந்தக் கிளேஸ் கரைகிறது என்று உடனே தெரிந்துவிடும். நிறம் மாறாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, ஈயம் சத்தமில்லாமலும் கரையும். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி. நம் ஊறுகாய் ஜாடிகள் நல்ல உயர்சூட்டுச் சாமான். மாதக்கணக்கில் உப்பும் புளிப்பும் ஊறியும் அசையாமல் இருப்பதற்கு அந்தக் கண்ணாடி முழுமையாக முற்றியிருப்பதே காரணம். புளிப்புக்கு ஏற்ற கிளேஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வீட்டிலேயே இருக்கும் உதாரணம் அதுதான்.

மயிரிழை விரிசல் பற்றியும் ஒரு வரி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைக் குழியோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கிளேஸ் ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு வலைபோல விரிசல் விடும். சோடா, பொட்டாஷ் மிகுந்தால் இப்படி ஆகும். சீனர்கள் இதையும் நூற்றாண்டுகளுக்கு முன்பே வேண்டுமென்றே வரவழைத்து அதில் சாயம் ஏற்றினார்கள். பழைய சாமானில் காபிக் கறை ஏறிய விரிசல் தெரிந்தால் பிளீச்சிங் தூளில் ஊறப்போடாதீர்கள், அது மண்ணுக்குள் இறங்கி உப்பாகப் பூத்து கிளேஸையே தள்ளிவிடும். குழி விழுந்த பரப்புக்கு மிருதுவான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும்.

நம் பக்கத்தில் இதைப் பார்க்க வழி உண்டா? குழி கிளேஸைத் தேடிப் போகாதீர்கள், ஆனால் கைவினை உயர்சூட்டுப் பாண்டத்தின் ஒரு கிளை நம் வாசலிலேயே இருக்கிறது. டெல்லியில் குர்சரண் சிங் 1919-இல் ஜப்பானுக்குப் போய் லீச், ஹமாடா வட்டத்தோடு பழகித் திரும்பி, 1952-இல் டெல்லி ப்ளூ பாட்டரியை நிறுவினார். புதுச்சேரியில் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் பயின்றவர். புதுச்சேரிப் பட்டறையில் சூளைக்குச் சவுக்கு விறகு. புதுச்சேரியையும் ஆரோவில்லையும் சுற்றி இன்று இயங்கும் பட்டறைகளில் பல அவர்களிடம் கற்றவர்கள் தொடங்கியவை. அங்கே போனால் டென்மோகுவும் செலடானும் சாம்பல் கிளேஸும் கையில் எடுத்துப் பார்க்கலாம். ரீயின் பட்டறையை முழுதாகப் பெயர்த்து நீங்கள் போன அதே அருங்காட்சியகத்தின் மண்பாண்டக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனால் சக்கரத்தையும் அலமாரியையும் தவற விடாதீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஆக்சைடு பொடியைக் கலக்கும்போது முகத்துணி போதாது, தூசியை வடிகட்டும் சரியான முகக்கவசம் வேண்டும். மாங்கனீஸ் சுடும் சூளை இருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கவே கூடாது. அதன் புகை நரம்பு மண்டலத்தைத் தாக்கும், நடுக்க நோய் போன்ற பாதிப்பைக் கொண்டுவரும் என்பது சுரங்கத் தொழிலாளரிடம் கண்டறிந்த உண்மை. குழி கிளேஸுக்கு மட்டும் இறங்குவதாக இருந்தால் மாங்கனீஸே தேவையில்லை. கெட்டியான ஒரு வெள்ளைக் கிளேஸ், அதில் ஒரு சதவீதத்திலிருந்து நுண்ணிய சிலிகான் கார்பைடு, அடியில் ஒரு களிமண் தட்டு. முதல் தடவை அந்தத் தட்டு இல்லாமல் சூளையில் வைக்காதீர்கள், நுரைத்துப் பொங்கி வழிந்து அலமாரிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.